பணம் எடுத்த ஒன்பது வயதுப் பையன்: அடித்தால் திருந்துவானா?

வியாசர்பாடி அத்தை:
என் அண்ணன் மகன் என் கைப்பையிலிருந்து 200 ரூபாய் எடுத்து, நண்பர்களுக்குச் சிக்கன் பக்கோடா வாங்கிக் கொடுத்துவிட்டான். அண்ணன் பெல்ட்டால் அடித்ததில் முதுகு கன்றிப்போய்விட்டது. "அடியாத மாடு படியாது" என்கிறார். எங்கள் தெருவில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் செல்போன் பறித்து, குற்றத்தில் சிக்கும் சிறுவர்களை வைக்கும் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். அந்தப் பயம்தான் அண்ணனுக்கு. அவருக்கு இரவுப் பணி. அண்ணி காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். பள்ளி விட்டதும், நான் ஏழு மணிக்கு வரும்வரை பையன் தனியாக இருக்கிறான். கெட்டுப்போய்விடுவானா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்:
இல்லை அம்மா, பதறாதீர்கள். ஆனால் பெல்ட்டை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மாநகராட்சிப் பள்ளியில் 31 ஆண்டுகள் இருந்தேன். தொடக்கத்தில் நானும் பிரம்பு எடுத்தவன். நான் வகுப்பில் இருக்கும்வரை பிள்ளைகள் அடங்கியிருந்தார்கள். வராந்தாவைத் தாண்டினால் அடிதடிதான். அவர்களுக்குள் எதுவும் வளரவில்லை.

நியூசிலாந்தின் டனடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சிறுவயதில் தன்னடக்கம், அதாவது ஆசையையும் கோபத்தையும் தானே கட்டுப்படுத்தும் திறன், மிகக் குறைவாக இருந்தவர்களில் 43 சதவீதம் பேர் 32 வயதுக்குள் குற்றத் தண்டனை பெற்றிருந்தார்கள். மிகுதியாக இருந்தவர்களில் 13 சதவீதம். அப்படியானால், தன்னடக்கம் குறைந்த பிள்ளைகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் தண்டனை பெறவில்லை. வளரும்போதே தன்னடக்கம் கூடிய பிள்ளைகளும் அதில் உண்டு. இதை உங்கள் அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள்.

1990இல் காட்ஃபிரெட்சன், ஹிர்ஷி என்ற அமெரிக்கக் குற்றவியலாளர்கள் பெற்றோருக்கு மூன்று வேலை சொன்னார்கள்: பிள்ளையைக் கவனிப்பது, தவறைத் தவறென்று கண்டுகொள்வது, திருத்துவது. பிள்ளைக்குப் பிரியமானவர் முகம் வாடுவதே பெரிய தண்டனை என்பது அவர்கள் கருத்து.

கண்ணகி நகர் அங்கன்வாடிப் பணியாளர்:
ஐயா, கவனிக்க ஆள் வேண்டுமே! நகரத்துக்குள் இருந்த எங்களைப் பெயர்த்து இங்கே குடிவைத்தார்கள். வேலை மட்டும் மயிலாப்பூரிலேயே இருந்தது. விடியுமுன் பஸ் ஏறிய தாயிடம் வளர்ப்பு சரியில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. சகோதரி, ஏழு மணிவரை அவனைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விடுங்கள். எங்கள் மாடியில் நான்கு குடும்பங்கள் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம்.

வியாசர்பாடி அத்தை:
நேற்று அவனை உட்காரவைத்துப் பேசினேன். நண்பர்கள் தினமும் வாங்கித் தந்தார்களாம். தன் முறை வந்தபோது கையில் காசில்லையாம். இதை அவன் அப்பா கேட்கவே இல்லை. வாரம் இருபது ரூபாய் கைச்செலவுக்குத் தருகிறேன், அதில் பத்தை எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். எதிர்வீட்டு ஆயாவும் சரி என்றுவிட்டார். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. பெல்ட் மட்டும் ஆணியில் இல்லை.