மறு: மறைமுகமா, இருள்முகமா, நிழலா? – யுங்கின் கலைச்சொல் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டு எங்கெங்கோ போய்விட்டது. முதலில் கேட்டதை இங்கே ஒட்டிவிட்டுத் தொடர்கிறேன்.

> உளவியல் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். தன்னிடம் இருப்பதாகவே ஒருவர் ஒப்புக்கொள்ளாத குணங்களையெல்லாம் சேர்த்து உளவியலாளர் கார்ல் யுங் ஒரே சொல்லில் சொல்கிறார். 'நிழல்' என்று போட்டால் படிப்பவர் மரத்தடியை நினைப்பாரோ என்று தயக்கம். வேறு சொல் உண்டா?

இழையில் மறைமுகம், கரவு, இருள்முகம், அடிநிழல் என்று பல சொற்களை முன்வைத்திருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். மறைமுகம் வேண்டாம். மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்று அந்தச் சொல் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டது. 'மறைபக்கம்' என்று திருத்தினாலும் பொருள் இடிக்கிறது. லுஃப்ட், இங்ஹாம் என்ற உளவியலாளர் இருவரும் 1955-இல் வரைந்த ஜோஹாரி சாளரத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவரைப் பற்றி அவருக்கும் பிறருக்கும் தெரிந்தது, தெரியாதது என்று நான்கு கட்டங்களாகப் பிரிக்கும் படம் அது. எனக்குத் தெரியும், பிறருக்குத் தெரியாது என்பது அதில் ஒரு கட்டம். மறைபக்கம் என்றால் அதுதான், அதாவது இரகசியம். யுங் சொல்வது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்: சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

'கரவு', அதாவது ஒளித்தல், அழகான பழஞ்சொல். ஆனால் அதில் வஞ்சகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரப்பவனுக்குத் தான் எதைக் கரக்கிறோம் என்பது தெரியும். இங்கே ஆளுக்கே தெரியாது என்பதுதானே விஷயம்?

'இருள்முகம்' என்பதை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ஆலோசகர் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், "உங்க இருள்முகத்தைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். கலைச்சொல்லிலேயே தீர்ப்பை எழுதிவிட்டு, பிறகு அதை ஏற்றுக்கொள் என்றால் யார் ஏற்பார்கள்? தவிர, யுங் அதில் கெட்டதை மட்டும் போடவில்லை. 1951-இல் வந்த 'ஐயோன்' நூலில், இயல்பான உந்துதல்களும் படைப்பூக்கமும்கூட அங்கே கிடக்கின்றன என்கிறார். அடக்கமாக இரு என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளையின் துணிச்சல் அங்கேதான் போய் ஒளிந்திருக்கும்.

'அடிநிழல்' சொன்ன ஐயா குறள் 208-ஐக் காட்டியிருந்தார்: "நிழல்தன்னை வீயாது அடியுறைந் தற்று." விட்டு நீங்காமல் காலடியிலேயே கிடக்கும் நிழல். படிமம் கச்சிதம்தான், ஐயா. ஆனால் வள்ளுவர் அங்கே பேசுவது தீயவை செய்தவனுக்கு வரும் கேடு. அந்தக் கறையோடு சொல்லை எடுக்க வேண்டுமா? இன்னொரு பக்கம், அடிநிழல் என்றதும் நமக்கு இறைவனின் இணையடி நிழல்தான் நினைவுக்கு வரும். ஒரே சொல் வினைப்பயனையும் அடைக்கலத்தையும் சேர்த்து இழுத்து வருவது மாணவனுக்குத் தாங்காது.

சொந்தக் கதை ஒன்று. நான் மெய்ப்புப் பார்த்த ஒரு தொகுப்பில் உடன் பணியாற்றியவர், தம் பெயர் முன்பக்கத்தில் வருமா என்று மூன்று முறை கேட்டுவிட்டார். எனக்கு அருவருப்பு. வீட்டுக்கு வந்தும் புலம்பினேன். புத்தகம் அச்சாகிக் கையில் வந்ததும் என் விரல் தானாக எந்தப் பக்கத்தைப் புரட்டியது என்கிறீர்கள்? பங்களித்தோர் பட்டியலை. என் பெயருக்கு ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அன்று இரவு தூக்கமில்லை. அவரிடம் நான் கண்டு எரிந்தது எதுவென்று அப்போதுதான் உறைத்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நிழலுக்கே திரும்புகிறேன். மரத்தடி நினைவு வருமே என்ற கவலை தேவையில்லை என்பது என் எண்ணம். யுங் எழுதியது ஜெர்மனில். அவர் ஆண்ட 'ஷாட்டன்' என்ற சொல்லும் நம் நிழலைப் போலவே இரண்டையும் குறிக்கும்: சுவரில் விழும் கரிய உருவையும், வெயிலுக்கு ஒதுங்கும் இடத்தையும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருப்பது ஆங்கிலம்தான். நாம் ஆங்கிலம் வழியாகவே படித்துப் பழகியதால் வந்த தயக்கம் இது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிழல் என்று மொட்டையாக விட்டால் நிழலுலகம், நிழல் அமைச்சரவை கூட்டத்தில் கலந்துவிடும். அதனால் தன்னிழல் என்று முன்மொழிகிறேன். தன் + நிழல். "என் தன்னிழல் என்றால் என், தன் என்று உடைமை இரண்டு முறை வருகிறதே" என்று யாராவது கேட்பீர்கள். 'என் தன்னம்பிக்கை' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அங்கும் அதே தன்தான், அதே புணர்ச்சிதான்.

இனி வினைகள். இங்கேதான் தமிழ் எனக்கு ஒரு வியப்பை வைத்திருந்தது. நம்மிடம் உள்ளதை அடுத்தவர் தலையில் காண்பதை 'அவர்மேல் ஏற்றிச் சொல்வது' என்போம். அதையே நம்முடையது என்று ஒப்புவது ஏற்பது. ஏற்றுவது, ஏற்பது: யுங் சொல்லும் பாதையின் இரண்டு முனைகளும் இதில் வந்துவிட்டன. பெயராக்கினால் நிழலேற்றம், நிழலேற்பு. தேர்வில் பிள்ளைகள் இரண்டையும் குழப்புவார்கள்தான். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தக் குழப்பம்கூட எனக்குப் பிடித்திருக்கிறது.

தன்னிழலை அறிந்து ஏற்கும் முயற்சிக்கு 'நிழலுழைப்பு' என்ற பெயர் மட்டும் வேண்டாம். சிந்தனையாளர் இவான் இல்லிச் 1981-இல் ஊதியமில்லாமல் செய்யும் வேலைக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அது பொருளியல்காரர்களுக்கே இருக்கட்டும்.

யுங்கின் இன்னொரு கலைச்சொல்லான முகமூடி பற்றி இழையில் வந்த கேள்விக்குத் தனி இழை தொடங்கலாம்.

அன்புடன்.

---

வணக்கம், அண்ணா.

தன்னிழலை எடுத்துக்கொண்டேன். இரண்டாம் இயலில் போட்டுப் பார்த்ததில் இடறவில்லை: "பிறர்மேல் நமக்கு அளவுக்கு மீறி எரிச்சல் வந்தால், அங்கே நம் தன்னிழல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம்."

நிழலேற்றத்தில்தான் உடன்பாடில்லை. நான் எழுதியதை மறுநாள் படித்தபோது எனக்கே அது ஏற்பு என்று பட்டது. 'பிறர்மேல் ஏற்றல்' என்று விரித்தே எழுதப்போகிறேன், நீளமானாலும் பரவாயில்லை.

அப்புறம், அந்தப் பட்டியலில் விட்டுப்போன எழுத்தை அடுத்த பதிப்பிலாவது சேர்த்தார்களா?