கணக்குப் படித்த லாசர்ஸ்ஃபெல்ட் தேர்தல் ஆய்வுக்கு எப்படி வந்தார்?

குலசேகரம்_மாணவி:
எம்.ஏ. இதழியல் படிக்கிறேன். சமூகவியல் ஆய்வாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் பற்றி செமினார் எடுக்க வேண்டும். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் ஓட்டுப் போடுகிறவர்களை ஆராய வந்தது எப்படி? அவர் முறையில் எங்கள் ஊரில் ஏதாவது செய்ய முடியுமா? இங்கே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

தக்கலை_டீச்சர்:
நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கிறாய் மக்ளே. எல்லாரும் அமெரிக்காவிலிருந்து தொடங்குவார்கள், நீ வியன்னாவிலிருந்து தொடங்கு. 1901-இல் அங்கே பிறந்தவர், யூதர், சிறு வயதிலேயே சோசலிஸ்ட். ஆலை மூடி ஊரே வேலையில்லாமல் கிடந்த ஆஸ்திரியாவின் மரியன்தால் கிராமத்தை மரீ யகோடா, ஹான்ஸ் சைசலோடு சேர்ந்து ஆராய்ந்தார். தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தைக்கூட அவர்களுக்குத் தெரியாமல் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் நின்று நின்று போனார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை கிடந்தது, விறுவிறுவென்று நடந்தார்கள். கணக்குப் படித்த புத்தி எங்கே போய் உதவியிருக்கிறது பார்!

1933-இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்கா போனவர், ஆஸ்திரியா அரசியல் கெட்டுப்போனதும் அங்கேயே தங்கிவிட்டார். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகம். 1940-இல் ரூஸ்வெல்ட், வில்கி போட்டியிட்ட அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். ஒஹாயோவின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் போய்க் கேட்டார்கள். அதே ஆட்களை! ஆய்வின் உயிரே அதுதான். ரேடியோவும் பத்திரிகையும் மனதை மாற்றுகிறதா என்று பார்க்கப் போனால், கட்சி மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் வீட்டிலும் வேலையிடத்திலும் கேட்ட பேச்சுக்கே பலம் அதிகம். செய்தி முதலில் பேப்பர், ரேடியோவைக் கவனிக்கிற சிலரிடம் போய், அவர்கள் வாய்வழியாக மற்றவர்களுக்குப் போகிறது என்பதைத்தான் 'இரு படி ஓட்டம்' என்பார்கள். செமினாரில் அம்புக்குறி போட்டு அதை ஒரு படமாக வரைந்துவிட்டு இறங்கிவிடாதே. அந்த ஆறு மாத அலைச்சலைச் சொல்.

மார்த்தாண்டம்_வாசகன்:
தங்கச்சி, வெட்டு முடிந்து சாயாக்கடைக்கு வருகிறவர்களைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் பேப்பரை முழுதாகப் படிப்பவர் ஒருவர்தான். மற்றவர்கள் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள்.

குலசேகரம்_மாணவி:
சரி அண்ணே. ஆனால் பெண்கள் அங்கே வரமாட்டார்களே?

தக்கலை_டீச்சர்:
அதற்கும் அவரிடமே வழி இருக்கிறது. இல்லினாய் மாநிலம் டிகேட்டர் ஊரில் 1945-இல் 800 பெண்களிடம் கேட்டார்கள். கடைச் சாமான், உடை, சினிமா, பொது விஷயம் என்று ஒவ்வொன்றிலும் யார் சொல்வதைக் கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள். எலிகு காட்ஸோடு சேர்ந்து 1955-இல் நூலாக வெளியிட்டார். நீ சுயஉதவிக்குழுக் கூட்டத்துக்குப் போ. பெயரை எழுதி வைத்து, அடுத்த மாதம் அதே அக்காமாரிடம் திரும்பப் போய்க் கேள். மழைக்காலத்தில் தொடங்கு, வெட்டு இல்லாத நாளில்தான் ஆட்கள் வீட்டில் நின்று பேசுவார்கள்.