புதுப்பிப்பு: வின்செஸ்டர் 1912-உம் 12-உம் ஒன்றுதான்

அமெரிக்க நிறுவனமான வின்செஸ்டரின் ‘மாடல் 1912’, ‘மாடல் 12’ ஷாட்கன்கள் இரண்டும் வேறு வேறு துப்பாக்கிகள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன். துப்பாக்கி ஒன்றுதான். 1919-இல் பெயரை மட்டும் சுருக்கினார்கள். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் உருவாக்கிய வின்செஸ்டர் ‘மாடல் 1897’-உம் பிற்பாடு ‘மாடல் 97’ ஆனது இதே மாதிரிதான்.

என்னைக் குழப்பியது குழல் மேல் இருக்கும் முத்திரை. பழையவற்றில் ‘நிக்கல் ஸ்டீல்’ என்று இருக்கும். 1930-களின் தொடக்கத்திலிருந்து ‘வின்செஸ்டர் புரூஃப் ஸ்டீல்’. இதை மாடல் பெயரின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டேன். அது குழலின் எஃகைக் குறிப்பது. அதன் அருகில், நீள்வட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொறித்த டபிள்யூ, பி எழுத்துகள் தனி. கூடுதல் வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்ததற்கான அடையாளம் அது.

அப்புறம், முக்கியமான ஒன்று. 1912-இல் இது 20 போர் என்ற குழல் விட்ட அளவில் மட்டும்தான் வந்தது. அந்த ஆரம்பகாலத் துப்பாக்கிகளின் தோட்டா அறை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் பகுதி, 2½ அங்குல நீளம். இன்றைய 2¾ அங்குலத் தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் முழுதாக விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும். குழலில் ‘மாடல் 1912’ என்று கண்டால், சுடுவதற்கு முன் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அறையை அளந்துவிடுங்கள், தயவுசெய்து.