குன்னூரில் பழைய தியேட்டர்: குளிரும் கரண்ட் பில்லும், முதலில் எதில் கை வைக்கலாம்?

ஆபரேட்டர் மகள், குன்னூர்

வணக்கம். எங்கள் குடும்பம் நடத்தும் பழைய தியேட்டர் இது. அப்பா கார்பன் குச்சி எரித்து அந்த வெளிச்சத்தில் படம் ஓட்டிய காலத்துக் கல் சுவர், அதே தகரக் கூரை. இப்போது சினிமா இல்லை. நாடகம், பள்ளி ஆண்டு விழா, கச்சேரிக்கு வாடகைக்கு விடுகிறோம். 220 சீட்.

மார்கழி, தையில் உட்கார முடிவதில்லை. இரண்டு கிலோவாட் ப்ளோயர் ஹீட்டர் ஆறு வாங்கி வைத்தோம். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு அதுவே 36 யூனிட் இழுக்கிறது. அப்படியும் கால் சில்லிட்டுத்தான் கிடக்கிறது.

இன்னொன்று. அரங்கு நிறைந்த அன்று, மழையே இல்லாமல் கூரையிலிருந்து சொட்டுகிறது. போன வாரம் சி வரிசையில் ஒரு பாட்டியின் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி மேடையைப் பார்த்தார். எனக்கு மனசே கேட்கவில்லை.

கூரைக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டலாம் என்கிறார் ஒரு காண்ட்ராக்டர். சோலார் போடு என்கிறார் இன்னொருவர். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. கட்டடத்தை இடிக்க மாட்டேன். வழி சொல்லுங்கள்.

ஊட்டி வயர்மேன்

அக்கா, சோலார் கடைசியில பாத்துக்கலாம். உங்க நிகழ்ச்சி ராத்திரி, ஐப்பசி கார்த்திகையில குன்னூர் முழுக்க மூட்டம். மேடையில பழைய பார் லைட் (PAR, மேடைக்கு வெளிச்சம் அடிக்கிற குண்டு விளக்கு) இருந்தா ஒவ்வொண்ணும் 1000 வாட் வரைக்கும் இழுக்கும். அதை 200 வாட் எல்இடியா மாத்துங்க. வயரிங் பழசுன்னா அதை முதல்ல பாருங்க, ஆறு ஹீட்டரை அது தாங்குதான்னு எனக்கு பயமா இருக்கு.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மா, தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். தீப்பொறி பட்டால் உருகி எரியும், கரும்புகை ஆளைக் கொல்லும். ஜனம் கூடும் இடத்தில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் சூடு விடுவார். 220 பேர் என்றால் 22 கிலோவாட். உங்கள் ஆறு ஹீட்டரும் சேர்ந்து 12தான். அரங்கைச் சூடாக்குவது உங்கள் ரசிகர்கள். அந்தச் சூடு மேலே போய்த் தகரம் வழியாக ஓடிவிடுகிறது. அவர்கள் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. பாட்டி மேல் விழுந்தது அதுதான்.

ஆகவே கூரை முதலில். தகரத்துக்கு அடியில் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய, தீப்பிடிக்காத பஞ்சு), அதற்குக் கீழே, அரங்கைப் பார்த்த பக்கம், கனமான பாலித்தீன் ஷீட், அதன் கீழ் சிமெண்ட் ஃபைபர் போர்டு. ஷீட் மூட்டுகளை டேப் போட்டு அடையுங்கள். ஈரம் மேலே ஏறினால் ராக்வூல் நனைந்து வீணாகும். கூரையில் எங்காவது ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் துளை போடாதீர்கள். கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருந்தால் சிமெண்ட் பூச வேண்டாம். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

அதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை. காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தி ஏற்றி கதவு, ஜன்னல், மேடைப் பின்புறம் எல்லாம் காட்டிக்கொண்டே போங்கள். புகை எங்கே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை. ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள், கூட்டத்துக்கு நல்ல காற்று வேண்டும். ஷட்டர் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள்.

ஆபரேட்டர் மகள், குன்னூர்

நன்றி ஐயா, நன்றி தம்பி. நேற்று ஊதுபத்தியோடு சுற்றினேன். கதவுகளில் லேசாகத்தான் ஆடியது. பால்கனிக்குப் பின்னால் ஆபரேட்டர் ரூமில் படம் அடிக்க விட்ட சதுர ஓட்டைப் பக்கம் போனதும், புகை கயிறு மாதிரி நேராக உள்ளே போனது. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கார்பன் புகை வெளியேற அப்பா காலத்தில் கூரை வழியாக விட்ட குழாய், மேலே திறந்தபடியே இருக்கிறது. மிஷின் போய் இத்தனை வருஷத்தில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

குழாயைப் பிடுங்கப் போவதில்லை. தகர வேலைக்காரர் நாளை வருகிறார், கழற்றி மாட்டுகிற மூடி செய்யச் சொல்லியிருக்கிறேன். சதுர ஓட்டைகளுக்குக் கண்ணாடி. மீதிப் பணம் கூரைக்கு. தம்பி, வயரிங் பார்க்க ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வர முடியுமா?