பயமுறுத்தும் எண்கள்: எங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை?

என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. குளிர், தூசி எல்லாம் பழகிய எதிரிகள்தான். ஆனால் மஞ்சள் கிஸ்மிஸ் ஒரு பிடி தின்றாலும் கொஞ்ச நேரத்தில் இருமல் வந்து நெஞ்சு இறுகும். "கடைக்காரன் ஏதோ மருந்து அடிச்சிருப்பான்" என்றார் மாமியார். பெரிதாகத் தப்பில்லை. அந்தப் பொன்னிறம் மங்காமல் இருக்க கந்தக டை ஆக்சைடு புகை காட்டுவார்களாம். உணவில் சேர்க்கும் பொருட்களுக்குப் பாக்கெட்டில் எண் போடுவார்களே, அதில் இதன் எண் 220. அங்கிருந்து 228 வரை வருவதெல்லாம் சல்ஃபைட் எனும் கந்தகச் சேர்மக் குடும்பம். பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது, ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்குத்தான் மூச்சுக்குழாய் சுருங்கும் என்றார் டாக்டர். பளிச்சென்ற ஆரஞ்சு நிற உலர் ஆப்ரிகாட்டிலும் இதே கதைதான். பாக்கெட் என்றால் திருப்பிப் பார்க்கலாம். மளிகைக் கடையில் எடை போட்டுத் தரும் லூஸ் சரக்கில் என்னத்தைப் பார்ப்பது? கல்யாணப் பாயசத்தில் மிதப்பதைப் பொறுக்கி எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

* * *

அக்கா, நான் பேக்கரி நடத்துகிறேன். பிஸ்கட் பாக்கெட்டில் 223 இருக்கிறதா என்றும் பாருங்கள். மாவு இளகி வர அதைச் சேர்ப்பார்கள், அதுவும் சல்ஃபைட்தான். நான் தொழில் கற்ற காலத்தில் பிரெட் உப்பி வர பொட்டாசியம் புரோமேட் போடுவது சாதாரணம். புற்றுநோய்ச் சந்தேகத்தால் 2016-ல் தடை வந்தது. மாவைக் கூடுதல் நேரம் புளிக்க விட்டோம், பிரெட் நன்றாகத்தான் வந்தது.

* * *

எங்கள் வீட்டில் தலைவலி வந்தால்கூட அஜினமோட்டோவைத்தான் திட்டுவார்கள். ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதியாக நிற்கவில்லை. எனக்கு பயம் நிறத்தின் மேல்தான். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குப் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் தடை வந்ததே, காரணம் ரோடமின் பி. அது துணிச்சாயம், சாப்பாட்டில் துளிகூடச் சேர்க்கக் கூடாது. பேத்தியின் நாக்கு ரோஸ் நிறத்தில் இருந்ததை ரசித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறோம், என்ன சொல்ல! அனுமதித்த நிறங்களுக்கும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. தள்ளுவண்டியில் யார் அளந்து போடுகிறார்கள்?

* * *

பேக்கரித் தம்பி, நீங்கள் சொன்னபடி பார்த்துவிட்டேன். பையன் தினமும் பள்ளிக்கு எடுத்துப் போகும் பிஸ்கட்டில் 223 இருக்கிறது. ஆனால் அதைத் தின்று அவனுக்கு ஒன்றும் ஆனதில்லை. அளவு குறைவோ என்னவோ. அடுத்த முறை பாக்கெட்டோடு டாக்டரிடம் போகிறேன்.