ஆட்டுப் பாட்டிக்கு ஒரு துண்டு

அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை இங்கே கவுன்டிச் சந்தையில் கயல் வளர்த்த ஆட்டுக்கு ஏலம். மாலையில் அவளுடைய ஃபோர் எச் சிறுவர் குழுவில் நன்றி விழா. ஆட்டுப் பாட்டிக்கு நம் வீட்டு சார்பில் என்ன செய்யலாம்?

பெரியப்பா: எந்தப் பாட்டி

அண்ணி: கயலுக்கு ஆடு வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவர், பெரிய மாமா. போன வருடம் வீடியோவில் பேசினீர்களே.

சித்தி: பொன்னாடை போர்த்துங்கள்

நான்: ஜூலை வெயிலில் பட்டா சித்தி

அம்மா: சென்னிமலைத் துண்டு போதும். தீபாவளிக்கு அனுப்பியதில் ஒன்று இருக்கும், பீரோவில் பார் கண்ணு.

அண்ணன்: கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 1902இல் அமெரிக்காவில், நாங்கள் இருக்கும் இதே ஒகையோவில், கிளார்க் கவுன்டியில், ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைகளைச் சேர்த்து மக்காச்சோளம் போடவும் மண்ணைச் சோதிக்கவும் பழக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபோர் எச். தலை, இதயம், கை, உடல்நலம், நான்கும் ஆங்கிலத்தில் எச் எழுத்தில் தொடங்கும். நாலிலைச் சின்னமும் அதனால்தான். பாட்டி மாதிரி ஆட்களுக்குச் சம்பளம் கிடையாது. மே மாதம் நம் குட்டி கழிச்சலில் கிடந்தபோது ராத்திரி 11 மணிக்கு வந்தவர், விடியும்வரை கொட்டகையிலேயே இருந்தார். அவர் இல்லையென்றால் இந்த ஆடே இல்லை.

பெரியப்பா: ஏலம் எதற்கு. கறிக்கா

அண்ணி: ஆமாம் மாமா

அம்மா: கயலிடம் சொல்லியாயிற்றா?

அண்ணி: முதல் நாளே தெரியும் அத்தை. பெயர் வைக்காதே என்றேன். சின்னு என்று வைத்துவிட்டாள்.

சித்தி: சொல்லிவிட்டாவது விற்கிறார்கள். நம் மயிலைக் காளை கண்ணபுரம் சந்தைக்குப் போனது வீட்டில் யாருக்குத் தெரியும்

பெரியப்பா: பிரபு காலேஜ் ஃபீசுக்கு விற்றது. எத்தனை தடவை சொல்வது

நான்: 🙏

சித்தி: பருப்புப் பொடி வந்ததா?

அண்ணி: வந்தது சித்தி. ஒரு டப்பா பாட்டிக்குக் கொடுத்தேன். காரம் தாங்கவில்லையாம், ஆனால் டப்பா காலி.

அண்ணன்: இன்னொருவரும் இருக்கிறார். தீவனக் கடைக்காரர். பிள்ளைகளின் ஆட்டைச் சந்தை விலைக்கு மேல் கேட்டு எடுப்பார், படிப்புக்கு ஆகட்டும் என்றுதான். கயல் தன் கையால் கடிதம் எழுதிப் போய் அவரை ஏலத்துக்கு அழைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவரை விட்டுவிட்டு எப்படி?

அம்மா: துண்டு ஒன்றுதானே இருக்கும்

பெரியப்பா: அவருக்கு நான் அனுப்புகிறேன். பிரபு, நாளைக்குச் சென்னிமலை போகலாம் வா

நான்: சனிக்கிழமைக்குள் போய்ச் சேராது பெரியப்பா

பெரியப்பா: அடுத்த வருடமும் ஏலம் எடுப்பார் அல்லவா. வண்டி எடு.

அண்ணி: துண்டைக் கயல்தான் போர்த்துவாளாம். விழாவுக்குச் சின்னுவும் வரலாமா என்று கேட்கிறாள்

அண்ணன்: அதற்குள் ஏலம் முடிந்திருக்குமே

அம்மா: அவளை எனக்கு ஃபோன் போடச் சொல்