ஆண்டனி பேச்சு: ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் - தமிழில்?

ம.:
அன்பர்களே, திங்கட்கிழமைக்குள் பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்', மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி: புரூட்டஸும் கூட்டாளிகளும் கொன்ற சீசரின் உடலருகே நின்று ஆண்டனி ரோமானியக் கூட்டத்திடம் பேசும் இடம். கேட்பவரை இணங்கவைக்க அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழிகளையும் ஆண்டனி எப்படிக் கையாள்கிறான் என்பதே பாடம். இப்போதைக்கு ஈதோஸுக்கு (பேசுபவர்மேல் வரும் நம்பிக்கை) நம்பகம், பேதோஸுக்கு (கேட்பவரின் உணர்ச்சியைத் தொடுவது) உருக்கம், லோகோஸுக்கு (காரணம் காட்டுவது) தருக்கம் என்று போட்டிருக்கிறேன். சரியா?

இ.:
தருக்கம் வடசொல். மணிமேகலையில் அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று அழகாகச் சொல்கிறாரே, 'ஏது' போதும். ஈதோஸுக்குச் சால்பு, பேதோஸுக்கு மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி.

ச.:
ஏது என்பது ஹேது, திட்டாந்தம் திருஷ்டாந்தம். வடசொல்லை விரட்ட வடசொல்லையே அனுப்புகிறீர்களே ஐயா!

சால்பும் பொருந்தாது. அது உள்ளே இருக்கும் குணம். அரிஸ்டாட்டில் சொல்வது பேச்சின் வழியாகவே கேட்பவரிடம் உண்டாகும் நம்பிக்கை. "நான் புரூட்டஸைப் போலப் பேச்சாளன் இல்லை" என்கிறான் ஆண்டனி. அந்தப் பசப்புக்குச் சால்பு என்று பெயர் வைத்தால் வள்ளுவர் கோபித்துக்கொள்வார்.

க.:
மெய்ப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் யாருடைய மெய்ப்பாடு? அழுது கண் சிவந்தவன் ஆண்டனி, வெகுளி கொள்வது கூட்டம். தொல்காப்பியர் சொன்ன எட்டில் இரண்டு, ஆளுக்கொன்று. 'உணர்வூட்டல்' என்றால் யார் யாருக்கு என்பது தெளிவாக இருக்கும்.

இ.:
உணர்வூட்டலா? குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி இருக்கிறது. அது கிடக்கட்டும், "புரூட்டஸ் மாண்புமிக்கவர்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது நம் வஞ்சப்புகழ்ச்சிதானே? தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவை புகழ்ந்தாளே, புறநானூறு 95, அதே கைவரிசை.

ச.:
ஔவை போரைத் தவிர்க்கப் பேசினாள் என்பார்கள். இவன் கலவரத்தை மூட்டுகிறான்.

ம.:
ஔவையை அப்புறம் பார்ப்போம். மக்களுக்குத் தலைக்கு 75 டிராக்மா பணம் என்று சீசரின் உயிலில் இருப்பது எந்த வகை? மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

க.:
சீசர் பேராசைக்காரர் அல்ல என்பதற்குச் சான்றாகக் கொண்டால் லோகோஸ். ஆனால் கூட்டம் அதற்கு முன்பே தீ வைக்கக் கிளம்பிவிட்டது. "உயிலை மறந்துவிட்டீர்களே" என்று அவன்தான் கூப்பிட்டு நிறுத்துகிறான். அவன் காட்டிய, கத்தி கிழித்த சீசரின் மேலங்கியே வேலையை முடித்துவிட்டது. என் கணக்கில் உயிலும் பேதோஸ்தான்.

ம.:
சரி, நம்பகம், உணர்வூட்டல், தருக்கம். நாளை அனுப்பிவிடுகிறேன்.

இ.:
அனுப்புங்கள். தருக்கத்துக்கு என் ஒப்புதல் இல்லை என்று பதிவாகட்டும். உண்மையை அறியும் வழியைச் சொல்லும் 'அளவை' இருக்கிறது, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை?